இருபத்திரண்டு நிமிஷச் சூடு

விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த முனியராஜ், எந்த மெஷினையும் தட்டிப் பார்க்க மாட்டான். மற்ற கடைக்காரர்கள் ஓடாத பெட்டியின் தலையில் இரண்டு போட்டுப் பார்ப்பார்கள். சிலது ஓடவும் செய்யும். முனியராஜுக்கு அது பிடிக்காது. பச்சைப்பிள்ளையைத் தொடுகிற மாதிரி தொடுவான். அவன் அடிப்பதெல்லாம் மனுசர்களைத்தான்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது, சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருத்தனின் தாடையைப் பெயர்த்தான். அதில் நியாயம் உண்டு. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவனை இறங்கிப் போய் அடித்தானே, அதில் என்ன நியாயம் என்று கேட்டால் அவனிடமே பதில் கிடையாது. ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறான். காரியாபட்டியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த குருவம்மாளை ஒரே ஒரு தடவைதான் அறைந்தான். ஒரு தடவையே எனக்குப் போதும் என்று அவள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்று தடவை கூப்பிடப் போனான். மூன்று தடவையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் பிறந்தவன். அம்மா இருளம்மாள் பட்டாசு கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலையில் இருந்தவள். அந்த ஊர்களில் மருந்து என்றால் குடிக்கிற மருந்து இல்லை, வெடிக்கிற மருந்து. சின்ன வயதில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளோடு போவான். செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும், இரும்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது, ஓடக் கூடாது, ஒன்றை ஒன்றின்மேல் தேய்க்கக் கூடாது. கோபம் வந்தாலும் அந்த அறைக்குள் கையை ஓங்கக் கூடாது. அங்கே அடக்கியதையெல்லாம் வெளியே வந்து கொட்டுகிறானோ என்னவோ. இந்த மாதிரிக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது சுலபம். அடி வாங்கியவனுக்கு அதனால் வலி குறையப்போவதில்லை.

2005-ஆம் வருஷம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, விஸ்வநத்தம் பக்கத்து ஒரு பட்டாசு கம்பெனியிலிருந்து அவனுக்கு ஆள் வந்தது. பங்குனியில் அவன் கடையில் பூட்டி அனுப்பிய கம்ப்யூட்டர்தான். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் படம் போடுவதற்காக வாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்குமாம், திடீரென்று அணைந்துவிடுமாம். அதற்கு முன்னால் திரையில் ஒரு எழுத்து வராது, ஒரு சத்தம் வராது. தீபாவளி சீசன். லேபிள் வராமல் பெட்டி இல்லை, பெட்டி வராமல் லோடு ஏறாது.

பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தான். படம் போடுகிற பையன் ஃபரீத், விருதுநகர்க்காரன், இருபத்திரண்டு வயசிருக்கும். லட்சுமியும் மயிலும் ராக்கெட்டுமாக லேபிள் வரைகிறவன். ஒரு மயிலின் தோகையை முந்நூறு கண் போட்டு வரைந்து வைத்திருந்தான். "மத்தியானம் சாப்பிடப் போறப்ப பெரிய படத்த அச்சு ஃபிலிமுக்குச் சேவ் பண்ணப் போட்டுட்டுப் போவேண்ணே. திரும்பி வந்தா பெட்டி செத்துக் கெடக்கும். பாதி எளுதுன ஃபைல் கெட்டுப்போயிரும்" என்றான்.

முனியராஜ் ஒழுங்காகத்தான் பார்த்தான். அதில் குறை சொல்ல முடியாது. சுவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேரே கொடுத்துப் பார்த்தான். பவர் சப்ளையின் வயர்களில் மீட்டரை வைத்தான், பன்னிரண்டு வோல்ட்டும் ஐந்து வோல்ட்டும் சரியாக வந்தன. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான். அணைக்கிற வைரஸ் ஒன்று அப்போது ஊரெல்லாம் இருந்தது. ஆனால் அது அறுபது செகண்ட் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் அணைக்கும், இது அப்படி இல்லை. மூடியைத் திறந்து தூசியை ஊதினான். இரண்டரை மணி நேரம் ஓடவிட்டான். சிணுங்கக்கூட இல்லை.

கடைசியில் விண்டோஸ் தானாகக் குறித்து வைக்கிற பதிவைத் திறந்தான். எதிர்பாராமல் அணைந்தது என்று பதினொரு தடவை எழுதியிருந்தது. தேதியையும் நேரத்தையும் சர்வீஸ் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதினான். ஒன்று ஐம்பத்திரண்டு, ஒன்று ஐம்பத்தொன்று, ஒன்று ஐம்பத்துமூன்று. எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேலோட்டமாகப் பார்த்தான், பசி வேறு. விருதுநகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மேனேஜர் கருத்தப்பாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தடித்த ஆள். மருந்து செட்டில் வேலை செய்கிற பெண்களின் சாப்பாட்டுத் தூக்கை, சாப்பாட்டு நேரம் நாலு நிமிஷம் கூடிப்போனதற்காகக் காலால் எற்றிவிட்டவர். "என்னலே, என்ன கோளாறு" என்று கேட்டார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். தெனமும் சாப்பாட்டு நேரத்துலதான் அணையுது. யாரோ அணைக்காக" என்று சொல்லிவிட்டு முனியராஜ் பஸ் ஏறினான்.

மனுசன் சொல்கிற வார்த்தை எங்கே போய் விழும் என்று சொல்கிறபோது தெரிவதில்லை. இது விழுந்த இடம் ஃபரீதின் கை.

சனிக்கிழமை காலை கடைக்கு ஒரு அம்மா வந்து நின்றார். முக்காடு போட்ட ஒல்லியான பெண். பின்னால் ஃபரீத் நின்றான். வலது கையில் மாவுக்கட்டு. இடது கண்ணுக்குக் கீழே கருநீலமாக வீங்கியிருந்தது.

"நீங்கதானா கம்ப்யூட்டர் பாக்குறவுக?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. எம்மவன் கையக் காட்ட வந்தேன்."

அவர் பெயர் சம்சாத். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. கருத்தப்பாண்டி அந்தச் செவ்வாய்க்கிழமையே ஃபரீதைக் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து கம்பெனிக்காரன் லேபிளிலும் ஒரு மயில் வந்துவிட்டதாம். அப்படியானால் படத்தை அங்கே விற்றுவிட்டு, இங்கே ஃபைலைக் கெடுக்கிறான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். இல்லை சார் என்று சொன்ன வாய்க்கு முதல் அறை. முடியைப் பிடித்து மேசையில் மோதினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஃபரீதின் வலது கையை உள்ளே வைக்கச் சொல்லி, காலால் உதைத்து மூடினார். இரண்டு விரல் முறிந்தது. "டெக்னீசியனே சொல்லிட்டான், மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு" என்று சொல்லிச் சொல்லி உதைத்தாராம்.

"சிவகாசில நாலு பிரஸ்ஸுக்குப் போனப் போட்டு, இவன் திருடன், சேக்காதீகன்னு சொல்லிட்டாரு. இவனுக்குத் தெரிஞ்ச தொளில் படம் போடுறது ஒண்ணுதான்" என்றார் சம்சாத்.

முனியராஜ் எழுந்தான். ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்தான்.

"எங்க போறீக?"

"அவன் கைய ஒடிக்க."

"ஒடிச்சா இவன் வெரல் ஒட்டிருமா? திருடன்ங்குற பேரு போயிருமா? கம்பியக் கீள வைங்க." அந்த அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார். "மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னது நீங்க. இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்க. இவனுக்காகப் பொய் சொல்ல வேணாம். பாத்துச் சொல்லுங்க, அம்புட்டுத்தான்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கம்பியை வைத்தான். வெட்கமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு அந்தச் சர்வீஸ் தாளைத் தேடி எடுத்தான். பதினொரு வரி. இந்தத் தடவை பசி இல்லை, பஸ் இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் நேராகக் கிழமையை எழுதிக்கொண்டு வந்தான். இரண்டு வெள்ளிக்கிழமை வந்தது. அந்த இரண்டு நாளும் நேரம் வேறாக இருந்தது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, பன்னிரண்டு ஐம்பத்துமூன்று.

பக்கத்துக் கடை போனிலிருந்து ஃபரீதைக் கூப்பிட்டான். "வெள்ளிக்கெளம எத்தன மணிக்குக் கெளம்புவே?"

"பன்னண்டரைக்கண்ணே. ஜும்ஆவுக்கு. மத்த நாள் ஒண்ணரை மணியடிச்சதும்."

ஒன்றரைக்குப் போனால் ஒன்று ஐம்பத்திரண்டு. பன்னிரண்டரைக்குப் போனால் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ஃபரீத் வெளியே போன இருபத்திரண்டாவது நிமிஷம் பெட்டி சாகிறது. கை அணைத்தால் அந்த நிமிஷமே அணையும். இருபத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு, நாள் தவறாமல் அதே நேரத்துக்கு அணைக்கிற வேலையை ஒன்றே ஒன்றுதான் செய்யும். அது சூடு. பெட்டிக்குள் இருக்கிற ப்ராசஸர் ஒரு அளவுக்கு மேல் கொதித்தால், எரிந்து போகாமலிருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். முன்னறிவிப்பு கொடுக்கவெல்லாம் அதற்கு நேரமில்லை. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டியவன் அவன். தலையில் அடித்துக்கொண்டான், நிஜமாகவே அடித்துக்கொண்டான்.

ஆனால் அவன் இருந்தபோது இரண்டரை மணி நேரம் சூடேறாத பெட்டி, ஃபரீத் போனால் மட்டும் ஏன் சூடேற வேண்டும்?

திங்கட்கிழமை போனான். கருத்தப்பாண்டியைப் பார்த்ததும் வலது கை தானாக மடங்கியது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். "ஒரு மத்தியானம் மட்டும் பாக்கணும் சார்" என்றான். புதிதாகப் போட்ட ஆள் இன்னும் வந்து சேரவில்லை, படங்கள் முடங்கிக் கிடந்தன, அதனால் அவர் விட்டார். "கண்டுபிடிக்காமப் போனே, ஒன்னையும் சேத்துத்தான் கவனிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறையில் மேசை இழுப்பறை கோணலாகத் தொங்கியது. முனியராஜ் அதைப் பார்க்காமல் உட்கார்ந்தான். ஃபரீதின் மயில் படத்தைத் திறந்து, மணியடித்ததும் அவன் செய்வதைப் போலவே சேவ் பண்ணப் போட்டான். ஏ.சி.யை நிறுத்தினான். ஆளில்லாத அறைக்கு ஏ.சி. எதற்கு என்பது மேனேஜர் போட்ட சட்டம். பெட்டியின் ஃபேன் கொஞ்சம் சத்தம் கூட்டியது. அவ்வளவுதான், இதற்கெல்லாம் அணையாது. வெளியே வந்தான்.

ஃபரீத் செருப்பு போட்டு நடக்கிறவன். முனியராஜ் பழைய பழக்கத்தில் கம்பெனி வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டிருந்தான். வராந்தா ஓரத்தில் கால்மணி நேரம் நின்றான். அறையைக் கூட்டுகிற ஒரு பெண் வாளியோடு உள்ளே போனாள். முன்பே பார்த்த ஆள்தான், பெயர் மாரித்தாய், நாற்பது நாற்பத்தைந்து வயது. ஒன்று நாற்பத்தைந்துக்குச் சத்தமில்லாமல் நடந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தான்.

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஈரச்சாக்கு கிடந்தது. நன்றாகப் பிழிந்த சாக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழவில்லை. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுத் துளைகள், ஒன்றுவிடாமல் சுற்றி, நுனியைக் கீழே செருகி விட்டிருந்தாள். உள்ளே ஃபேன் மூச்சுக் கிடைக்காமல் அலறியது. மாரித்தாய் ஒரு எட்டுத் தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு. கண்ணில் பயம்.

ஒன்று ஐம்பத்திரண்டு. அலறல் பட்டென்று நின்றது.

"அடங்கிட்டியா" என்றாள் மாரித்தாய் பெட்டியைப் பார்த்து. சாக்கை உருவி வாளியில் போட்டாள். பெட்டியின் தலையை முந்தானையால் துடைத்தாள்.

அந்த இடத்தில் முனியராஜுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சுண்டைக்காய் விஷயத்துக்குக் கை நீட்டுகிறவன். வரவில்லை. வந்தது அந்தச் சாக்கின் வாடை. வெயில் ஏறினால் அவன் அம்மா செட்டு மூலையில் விரிக்கிற அதே ஈரச்சாக்கு. ஏதாவது பொருள் சூடேறினால், உறுமினால், முதலில் ஓடு, ஓட முடியாவிட்டால் ஈரச்சாக்கைப் போடு. அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

விளக்குமாறு கீழே விழுந்தது. "தம்பி, ஏசாதீக. தண்ணி உள்ள போவல. நல்லாப் பிளிஞ்சுதான் போட்டேன்."

"எத்தன நாளாப் போடுதீக?"

"ஆடிக் கடைசிலேர்ந்து. அந்தப் பையன் போனதும் இது உறுமும் தம்பி. பின்னாடி கைய வச்சா அனல் அடிக்கும். ஒரு ஆளு கெடையாது. செவுத்துக்கு அந்தப்பக்கம் அம்புட்டுப் பொம்பளைக மருந்து செலுத்துதாக. இது வெடிச்சா என்னத்துக்கு ஆவும்? நான் போட்டுருவேன். கொஞ்ச நேரம் கத்தும், அப்பறம் அடங்கிரும். ஒரு நா தவறுனதில்ல."

"பையன்ட்ட சொல்லலியா?"

"ஈரத்துணியால இந்த டிவிய தொடச்சதுக்கே ஏசுனான்" என்று மானிட்டரைக் காட்டினாள். "செருப்புச் சத்தம் கேட்டதும் எடுத்துருவேன்." கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். "எங்கூடப் பொறந்தவ ஆவுடைத்தாய் நாலு வருசத்துக்கு முன்னால இதே கம்பெனில போனா. நான் வெளிய தண்ணிக்குப் போயிருந்தேன். அவ சூடாருக்கு சூடாருக்குன்னு சொல்லிருக்கா. யாரும் காதுல வாங்கல. அப்பறம் அள்ளுறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. வளையலப் பாத்துத்தான் கையின்னு சொன்னோம்."

முனியராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் சொன்னான். இது வெடிக்கிற பெட்டி இல்லை, உள்ளே மருந்து கிடையாது. காற்று போய்வந்தால்தான் உயிரோடு இருக்கும். சாக்கு மூச்சை அடைத்துவிடுகிறது. சூடு அளவை மீறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதைத்தான் நீங்கள் அடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். படம் கெட்டுப்போனது அதனால். ஃபரீத் அடி வாங்கியது அதனால்.

மாரித்தாய் கடைசி வரியைத்தான் கேட்டாள். அவள் முகம் செத்துப்போனது. "அவன் படத்த வித்துட்டான்னுல்ல சொன்னாக."

"விக்கல."

"வெரல ஒடிச்சது நானா?"

"நீங்க இல்ல. நான்."

அவள் கேட்கவில்லை. சுவரில் தலையை மோதினாள், ஒரு தடவை, இரண்டு தடவை. அவன் எழுந்து தோளைப் பிடித்து நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். "சூடாச்சுன்னா தானா நின்னுருமா? வெடிக்காம?"

"நின்னுரும்."

"இந்தத் தகரத்துக்கு அப்படி ஒண்ணு வச்சிருக்காக" என்றாள் மாரித்தாய். "அவளுக்கு வைக்கல."

முனியராஜுக்கு அம்மா ஞாபகம் வந்தது.

"நான் போயி மேனேசர்ட்ட சொல்லுதேன்" என்று அவள் முந்தானையை இழுத்துக் கட்டினாள்.

"வாயத் தெறக்காதீக." அவன் வழியை மறித்தான். "ஆடிக் கடைசிலேர்ந்து மெஷினக் கெடுத்தேன்னு சொன்னா அந்த ஆளு ஒங்கள உயிரோட விடமாட்டான். பையனுக்கே விரலு போச்சு. கூட்டிப் பெருக்குற பொம்பளைக்கு என்ன போவும்னு நெனைக்கீக? நான் பாத்துக்கிடுதேன். இனிமே சாக்கு போடாதீக, அது போதும்."

பெட்டியின் பக்க மூடியைத் திருப்புளியால் திறந்தான். ப்ராசஸர் மேலிருந்த ஃபேனைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். தாளை எடுத்து எழுதினான்: பெட்டி சூடேறித் தானாக அணைந்திருக்கிறது. ஆபரேட்டர் ஃபரீத் அணைக்கவில்லை. எழுதி முடிக்கும்போது கருத்தப்பாண்டி இரண்டு லோடுமேன்களோடு வந்துவிட்டார்.

"என்னலே, கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டேன் சார். சூடு." முனியராஜ் எழுந்து நின்றான். "தப்பு எம்மேல. பங்குனில பூட்டுனப்ப ஃபேன ஒளுங்கா உக்கார வைக்கல. ஏ.சி. நின்னா கொதிச்சு அணைஞ்சிருது. போன தடவ பாக்காமச் சொல்லிட்டேன். அந்தப் பையன் ஒண்ணும் பண்ணல."

மாரித்தாய் வாயைத் திறந்தாள். முனியராஜ் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கருத்தப்பாண்டியின் முகம் சிவந்துகொண்டே போனது. ஒரு பையனின் கையை ஒடித்துவிட்டு, ஊரெல்லாம் போன் போட்டுத் திருடன் என்று சொல்லிவிட்டு, இப்போது லோடுமேன் முன்னால் அது பொய் என்று நிற்கிறது. அந்த மாதிரி ஆளுக்கு வெட்கம் வந்தால் அடிக்க யாராவது வேண்டும். "ஒன் பேச்சக் கேட்டுத்தானலே அவன் கைய ஒடிச்சேன்" என்று ஒரே எட்டில் வந்தார்.

முனியராஜின் வலது கையில் திருப்புளி இருந்தது. ஒரு சாண் நீளம். எதிரே வந்தவனின் கழுத்து திறந்து கிடந்தது. எங்கே எப்படி இறக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அவன் அதை மேசைமேல் வைத்தான். வைத்துவிட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவது மூக்கில். கருத்தப்பாண்டி கீபோர்டைத் தூக்கி முகத்தில் அடித்தார். அது இரண்டாகப் பிளந்து, எழுத்துகள் தரையெங்கும் தெறித்தன. கீழே விழுந்தவனை லோடுமேன்கள் தூக்கி நிறுத்தினார்கள், அவர் மறுபடி வயிற்றில் உதைத்தார். ஒரு பல் நாக்கில் வந்து கிடந்தது. முனியராஜ் அதைத் துப்பினான். அவன் கைகள் மறுபடி மேசை விளிம்பைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டன. தேடிப் போன கைகள் திருப்பி அடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். வாழ்க்கையில் அவன் வாங்கிய அடிகளிலேயே, இது தனக்கு வர வேண்டியதுதான் என்று நினைத்து வாங்கியது இது ஒன்றுதான். மாரித்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்று அழுதாள்.

கருத்தப்பாண்டிக்கு மூச்சு வாங்கியது. திருப்பி அடிக்காதவனை எத்தனை நேரம்தான் அடிப்பது.

"அடிச்சு முடிச்சாச்சுல்ல" என்றான் முனியராஜ். உதடு வீங்கிச் சொல் குழறியது. தாளை நீட்டினான். அதில் ஒரு மூலையில் ரத்தம் பட்டிருந்தது. "கையெளுத்துப் போடுங்க சார். கம்பெனி சீலும் வேணும். நாலு பிரஸ்ஸுக்கும் நீங்களே போனப் போட்டுச் சொல்லணும், இப்பவே, எம்முன்னால. ஃபேன் எம்பைல இருக்கு. சொன்னாத்தான் மாட்டுவேன். சீசன் ஓடுது, வேற ஆளு மதுரைலேர்ந்து வர நாலு நாளாவும்."

அவர் லோடுமேன்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாலு பிரஸ்ஸுக்கும் போன் போனது. நான்கு தடவையும் அந்த வாயிலிருந்து, பையன் மேல தப்பில்ல என்ற வார்த்தை வந்தது. கையெழுத்தும் சீலும் விழுந்தன. முனியராஜ் மடங்கி உட்கார்ந்து, ரத்தம் சொட்டாமல் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, ஃபேனைத் துடைத்து, சூடு கடத்துகிற புதுப் பசை தடவி, பச்சைப்பிள்ளையைத் தொடுகிற மாதிரி தொட்டு மாட்டினான்.

வாசலில் செருப்பைத் தேடிக் குனிந்தபோது மாரித்தாய் ஓடி வந்தாள். வாளியில் கிடந்த அந்தச் சாக்கில் பாதியைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து கொண்டு வந்திருந்தாள். அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். "அனலா அடிக்குது தம்பி. எடுக்காதீக. ஊரு போற வரைக்கும் வச்சிருங்க."

பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். முனியராஜ் அவனை ஒன்றும் செய்யவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபரீதின் வீட்டு வாசலில் போய் நின்றான். சம்சாத் அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தார். ஃபரீத் தாளை இடது கையால் வாங்கி இரண்டு தடவை படித்தான். அம்மாவிடம் கொடுத்தான். அவர் சீலின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"பொய் இல்லையே?" என்று கேட்டார்.

"அந்தத் தாள்ல இல்லம்மா" என்றான் முனியராஜ்.

ஃபரீத் தாளைப் பார்க்கவில்லை. முனியராஜின் கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வந்து அதை எடுத்தான். முகர்ந்தான். மாதக்கணக்கில் அவன் அறைக் கதவுக்குப் பின்னால், வாளியில் கிடந்த சாக்கு. அதன் ஓரத்து நீலக் கோடு அவனுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படித்த பையன், சூடு என்று தாளில் எழுதியிருப்பதையும் படித்தவன். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடி முடிவதை முனியராஜ் பார்த்தான்.

"மாரித்தாயக்காவா?"

முனியராஜால் அதற்கு மேல் தலையை நிமிர்த்த முடியவில்லை. "ஒண்ணுமில்லன்னு சொன்னது நாந்தான்" என்றான். "ஒன் வெரலு..." அதற்கு மேல் வரவில்லை. முப்பத்திரண்டு வயது ஆள், அடி வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஃபரீதின் இடது கை ஒருதடவை இறுகி மடங்கியது. அறைந்துவிடுவான் என்றுதான் முனியராஜ் நினைத்தான், கன்னத்தைத் திருப்பாமல் வைத்துக்கொண்டிருந்தான். ஃபரீத் சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

நனைத்துவிட்டான், பிழிய முடியவில்லை. ஒரு கையால் சாக்கைப் பிழிய முடியாது. கால் இடுக்கில் வைத்து முறுக்கிப் பார்த்தான், தண்ணீர் கைலியெல்லாம் ஊற்றியது.

முனியராஜ் எழுந்து போனான். சாக்கின் ஒரு நுனியை ஃபரீத் நீட்டினான், அவன் பிடித்துக்கொண்டான். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள்.